பாடினால் கட்டணம் தள்ளுபடி ஆகுமா?

கேள்வி: என் மகள் லண்டனில் 12ஆம் ஆண்டு படிக்கிறாள். ஏ லெவலில் வேதியியல், கணிதம், இயற்பியல் எடுத்திருக்கிறாள். ஆக்ஸ்ஃபோர்டில் வேதியியல் படிக்க வேண்டும் என்பது அவளுடைய ஆசை. ஆறு வயதிலிருந்து கர்நாடக சங்கீதம் கற்கிறாள். பியானோவில் எட்டாம் கிரேடு முடித்துவிட்டாள். பள்ளிப் பாடகர் குழுவில் பாடுகிறாள். போன ஆண்டிலிருந்து பக்கத்துத் தேவாலயத்தில் ஆர்கனும் பழகுகிறாள். யூனிவர்சிட்டி காலேஜ் போன்ற கல்லூரிகளில் இசைக்குப் புலமைப்பரிசில் உண்டு, அது கிடைத்தால் கட்டணம் கட்ட வேண்டியதில்லை, மதிப்பெண் சற்றுக் குறைந்தாலும் இடம் கிடைத்துவிடும் என்கிறார் என் கணவரின் அண்ணா. ஆர்கனுக்குப் போட்டி குறைவு, அதற்கே விண்ணப்பிக்கட்டும் என்கிறார் பள்ளி ஆசிரியை. நாங்கள் சைவக் குடும்பம். தேவாலயத்தில் பாட வேண்டியிருக்கும் என்று கேட்டதிலிருந்து பிள்ளையின் அப்பம்மா, "கிறிஸ்தவ வேதத்துக்கு மாற்றிவிடுவார்களோ" என்று புலம்பிக்கொண்டிருக்கிறார். கணவர் பஸ் ஓட்டுகிறார், நான் கடை ஒன்றில் பகுதிநேர வேலை செய்கிறேன். என்ன செய்யலாம்?
ஒரு தாய், ஹாரோ

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கணவரின் அண்ணா சொன்னதில் ஒன்று சரி: இசைக்குப் புலமைப்பரிசில் உண்டு. மற்ற இரண்டும் தவறு. கட்டணம் தள்ளுபடி ஆகாது. மதிப்பெண் குறைந்தால் பாட்டு வந்து காப்பாற்றாது.

அவரைக் குறை சொல்லவும் முடியாது. அந்தச் சொல்லே நம்மவரைக் குழப்புகிறது. ஊரில் புலமைப்பரிசில் என்றால் ஐந்தாம் ஆண்டுச் சோதனை. அதில் வெட்டுப்புள்ளிக்கு மேல் எடுத்த பிள்ளைக்கு நல்ல பள்ளியில் இடம் கிடைக்கும், வசதி குறைந்த வீட்டுப் பிள்ளையென்றால் மாதாமாதம் கொஞ்சம் பணமும் வரும். இடமும் பணமும் ஒரே கதவால் வந்து பழகியவர்கள் நாம். ஆக்ஸ்ஃபோர்டில் இடத்துக்கு ஒரு கதவு, பணத்துக்கு வேறொரு கதவு, இசைக்கு மூன்றாவது. மூன்றையும் தனித்தனியாகத் தட்ட வேண்டும்.

முதலில், எந்த யூனிவர்சிட்டி காலேஜ் என்பதைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். இங்கிலாந்தில் அந்தப் பெயரில் புகழ்பெற்றவை மூன்று. லண்டனில் இருப்பது 1826இல், மதச் சார்பு எதுவும் வேண்டாம் என்றே தொடங்கப்பட்டது. தேவாலயப் பாடகர் உதவியெல்லாம் அதன் மரபில் இல்லை. டர்ஹமில் இருப்பது 1832இல் தொடங்கி, பழைய நார்மன் கோட்டைக்குள் குடிபுகுந்த கல்லூரி. நீங்கள் கேட்பது ஆக்ஸ்ஃபோர்டில் ஹை ஸ்ட்ரீட்டில் இருக்கும் மூன்றாவதைப் பற்றி என்று எடுத்துக்கொள்கிறேன். அந்தக் கல்லூரி பிறந்ததே ஒரு பரிசிலால்தான். 1249இல் இறந்த டர்ஹம் வில்லியம் என்ற பாதிரியார், பத்துப் பன்னிரண்டு பேர் இறையியல் படிப்பதற்காக 310 மார்க் பணத்தை எழுதிவைத்தார். கட்டடம் எல்லாம் பிறகு வந்தது.

இனி படிப்புக்கான பரிசில். இதற்கு உங்கள் மகள் இப்போது விண்ணப்பிக்கவே முடியாது. ஒரு காலத்தில் நுழைவுத் தேர்விலேயே கொடுத்தார்கள். ஸ்டீபன் ஹாக்கிங் 1959இல் பதினேழு வயதில் இதே கல்லூரிக்கு அப்படித்தான் வந்து சேர்ந்தார். 1980களில் அந்த வழக்கம் நின்றுபோனது. இப்போது முதலாண்டு இறுதித் தேர்வில் மிகச் சிறப்பாகத் தேறுபவரைக் கல்லூரி 'ஸ்காலர்' ஆக்குகிறது. அதற்கு ஒரு படி கீழே 'எக்ஸிபிஷன்' என்று ஒன்று உண்டு. நம் ஊர்ப் பொருட்காட்சிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, அதுவும் பரிசிலே. இரண்டுக்கும் வரும் பணம் ஆண்டுக்குச் சில நூறு பவுண்டு. புத்தகம் வாங்கலாம், வீட்டுக்கு வர டிக்கெட் எடுக்கலாம், அவ்வளவுதான். அங்கே பெருமை அங்கியில் இருக்கிறது. சாதாரண மாணவரின் கறுப்பு அங்கி குட்டையானது, கையே கிடையாது. தோளிலிருந்து இரண்டு பட்டைகள் தொங்கும். ஸ்காலரின் அங்கி நீண்டு, அகன்ற கைகளோடு காற்றில் பறக்கும். தேர்வு மண்டபத்துக்குள் நுழையும்போது யார் ஸ்காலர், யார் இல்லை என்பது வாசலிலேயே தெரிந்துவிடும். இது பிள்ளைகளுக்கு நல்லதா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. அது வேறு கதை.

இசைப் பரிசில்தான் உங்கள் கேள்வியின் உயிர். அது இரண்டு வகை. பாடகர் குழுவுக்கான கோரல் பரிசில் ஒன்று, ஆர்கன் பரிசில் மற்றொன்று. இரண்டுமே உண்மையில் வேலைகள். சங்க காலத்துப் பாணன் பாடித்தானே பரிசில் பெற்றான்? பாடாமல் போனவனுக்கு யானையும் இல்லை, பொற்றாமரையும் இல்லை. அந்தப் பொருளில் பார்த்தால் 'பரிசில்' என்ற நம் சொல் இதற்கு எவ்வளவோ பொருத்தம். 'உதவித்தொகை' என்று தமிழ்நாட்டுப் பத்திரிகைகள் எழுதுவதுதான் ஆளைத் திசைதிருப்பும். குடும்பத்தின் வசதி பார்த்து இதைக் கொடுப்பதில்லை. கோடீஸ்வரர் வீட்டுப் பிள்ளைக்கும் உண்டு, உங்கள் பிள்ளைக்கும் உண்டு. குரலும் விரலும்தான் கணக்கு.

கணக்கையே போட்டுப் பார்ப்போம். ஒரு கல்லூரிப் பாடகர் குழு வாரத்துக்கு மூன்று வழிபாடு பாடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒத்திகையும் சேர்த்து ஒவ்வொன்றுக்கும் இரண்டு மணி நேரம். எட்டு வாரம் கொண்ட மூன்று தவணை என்றால் ஆண்டுக்கு 24 வாரம், 144 மணி நேரம். கையில் கிடைப்பது 300 பவுண்டு என்றால் மணிக்கு இரண்டு பவுண்டு சொச்சம். நீங்கள் வேலை செய்யும் கடையில் யாராவது இந்தக் கூலிக்கு வருவார்களா? பணத்துக்காக இதை எடுக்கக் கூடாது என்பதற்கு இந்தக் கணக்குப் போதும். ஆனால் பணமில்லாத வரவுகள் உண்டு. பல கல்லூரிகள் குரல் பயிற்சிக்குச் செலவு செய்கின்றன. வழிபாடு முடிந்ததும் இரவுச் சாப்பாடு போடுகிறார்கள். விடுமுறையில் குழு வெளிநாடு போகும், இசைத்தட்டுப் பதிவு செய்யும். எல்லாவற்றையும்விட, வந்த முதல் வாரத்திலேயே இருபது இருபத்தைந்து நண்பர்கள் கிடைத்துவிடுவார்கள். முதல் தவணையில் தனியாக அறையில் அழுதுகொண்டிருக்கும் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். பாடகர் குழுப் பிள்ளைகள் அழுவதற்கு நேரமில்லாமல் ஒத்திகைக்கு ஓடிக்கொண்டிருப்பார்கள்.

கல்லூரிக்குக் கல்லூரி சுமை மாறும். மாடலின், நியூ காலேஜ், கிறைஸ்ட் சர்ச் மூன்றிலும் சிறுவர் பாடகர்களோடு சேர்ந்து தவணை நாள்களில் கிட்டத்தட்ட தினமும் பாட வேண்டும். நெடுங்காலமாக ஆண் குரல் மரபு கொண்ட குழுக்கள் அவை. குவீன்ஸ், மெர்ட்டன் இரண்டிலும் ஆணும் பெண்ணுமாக மாணவர் குழு, தரம் மிக உயர்வு. யூனிவர்சிட்டி காலேஜ் போன்ற இடங்களில் சுமை இன்னும் இலகு. உங்கள் மகள் படிக்கப்போவது வேதியியல். ஆய்வகம், ஆசிரியர் ஓரிரு மாணவரை மட்டும் வைத்து நடத்தும் டியூட்டோரியல் வகுப்புக்கு வாராவாரம் கணக்குத் தாள் என்று இழுக்கும் பாடம். ஆய்வகத்தில் கண்ணாடிக் குடுவையைக் கழுவி வைத்துவிட்டு ஆறு மணி வழிபாட்டுக்கு ஓடுவது வாரத்தில் ஒன்றிரண்டு நாள் என்றால் சமாளிப்பாள். ஆறு நாளும் என்றால் எதையாவது ஒன்றை விட்டுவிடுவாள், அது பெரும்பாலும் தூக்கமாக இருக்கும்.

ஆர்கன் விஷயத்தில் ஆசிரியை சொன்னது பாதி உண்மை. விண்ணப்பிப்பவர் எண்ணிக்கை குறைவுதான், பெண்கள் இன்னும் குறைவு. இசை படிப்பவர் மட்டும்தான் வர வேண்டும் என்பதும் இல்லை. பிரதமராக இருந்த எட்வர்ட் ஹீத், கென்ட் கரையோரத்தில் ஒரு தச்சரின் மகன். 1935இல் பேலியல் கல்லூரிக்கு அரசியலும் பொருளியலும் படிக்க வந்து, முதல் தவணையிலேயே ஆர்கன் பரிசிலை வென்றார். ஆர்கன்காரருக்கு இன்னொரு சலுகையும் உண்டு. ஒரே ஆண்டில் ஆக்ஸ்ஃபோர்டுக்கும் கேம்பிரிட்ஜுக்கும் விண்ணப்பிக்க யாருக்கும் அனுமதி இல்லை, ஆர்கன் பரிசில் கேட்பவரைத் தவிர.

ஆனாலும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். போட்டிக்கு வரும் ஐந்து பேரும் ஐந்தாறு ஆண்டு வாசித்தவர்களாக இருந்தால், ஐந்து பேர்தான் என்பதில் என்ன ஆறுதல்? பியானோ எட்டாம் கிரேடு கையைத் தயார்செய்யும், காலை அல்ல. ஆர்கனில் கீழே இன்னொரு வரிசைக் கட்டைகள், அவற்றைப் பார்க்காமல் காலாலேயே தடவி வாசிக்க வேண்டும். தேர்வில் இரண்டு உருப்படி வாசித்துவிட்டு வர முடியாது. தேவாலயக் கீர்த்தனை ஒன்றைக் கொடுத்து ஒரு சுருதி கீழே இறக்கி வாசி என்பார்கள். நான்கு குரல் வரிகளை நான்கு கோட்டில் எழுதி வைத்து, அதை விரலில் கொண்டுவா என்பார்கள். ஒரு பாடகர் குழுவை முன்னால் நிறுத்தி, பத்து நிமிடம் நடத்து என்பார்கள். கிடைத்துவிட்டால் அதோடு முடிவதுமில்லை. ஆர்கன் ஸ்காலர்தான் பல கல்லூரிகளில் குழுவை நடத்துபவர், வராதவனைத் தேடிப் பிடிப்பவர், தாள்களை நகலெடுப்பவர். கோவிலில் தவில்காரர் வராவிட்டால் தர்மகர்த்தா யாரைக் கேட்பார்? அந்த இடத்தில் உங்கள் மகள் நிற்பாள். ஓராண்டுப் பழக்கத்தோடு அங்கே போக வேண்டாம். ஆர்கனைத் தொடர்ந்து பழகட்டும், நல்ல வாத்தியம். பட்டம் முடிந்த பிறகும் ஞாயிறுதோறும் அவளைத் தேடி யாராவது வந்துகொண்டே இருப்பார்கள்.

பாட்டுக்கு விண்ணப்பிக்கட்டும். அதில் கர்நாடக சங்கீதம் உதவுமா? ஓரிடத்தில் உதவும், ஓரிடத்தில் காலை வாரும். சில ஆண்டுகளுக்கு முன், எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணின் குரல் தேர்வுக்குத் துணையாகப் போயிருந்தேன். பதினோரு ஆண்டு கர்நாடக சங்கீதம், உங்கள் மகளைப் போலவே. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தால் உள்ளே நடப்பது கேட்கும். தயாரித்துக்கொண்டு போன பாட்டு அழகாக வந்தது. ஸ்வரத்தைக் கேட்டுத் திருப்பிப் பாடுவதெல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்டபாடு. அடுத்து, முன்பின் பார்க்காத ஒரு தாளைக் கொடுத்து, தொடக்கச் சுருதியை மட்டும் பியானோவில் தட்டிவிட்டுப் பாடச் சொன்னார்கள். இரண்டு வரி ஒழுங்காகப் போனது, மூன்றாவது வரியில் தடுமாறிற்று. வெளியே வந்து அவள் சொன்னாள்: கை தானாகத் தொடையில் ஆதி தாளம் போட்டுக்கொண்டிருந்ததாம். தட்டு, சுண்டு விரல், மோதிர விரல், நடு விரல். மூன்றாம் வரியில் பாட்டு நாலு எண்ணிக்கையிலிருந்து மூன்றுக்கு மாறியது. கை நாலிலேயே நின்றது, குரல் கையின் பின்னால் போய்விட்டது.

அவளுக்கு அன்று பரிசில் கிடைக்கவில்லை. படிப்பில் இடம் கிடைத்தது. அக்டோபரில் கல்லூரிக்குப் போனவள் முதல் வாரமே பாடகர் குழுவின் கதவைத் தட்டினாள், சேர்த்துக்கொண்டார்கள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், பல கல்லூரிகள் வந்து சேர்ந்த மாணவர்களுக்கும் அந்த வாரத்தில் குரல் தேர்வு வைக்கின்றன. செப்டம்பரில் தவறினால் அடுத்த ஆண்டு அக்டோபர் இருக்கிறது.

ஆகவே இன்றிலிருந்து தினமும் பத்து நிமிடம், புதிய தாள் ஒன்றைப் பார்த்தவுடன் பாடிப் பழகட்டும். பாடகர் குழுவில் இருப்பதால் மேற்கத்திய இசைக்குறிப்பு வாசிக்கத் தெரிந்திருக்கும். ஆனால் பக்கத்தில் நிற்பவளைக் கேட்டு அரை நொடி பின்னால் பாடுவது வேறு, தனியாக நின்று பாடுவது வேறு. அடுத்தது அசைவு. தோடி ராகம் பாடிப் பழகிய குரல் காந்தார ஸ்வரத்தைக் கண்டால் அசைக்காமல் சும்மா இராது. இங்கே காந்தாரம் கம்பம் போல நிற்க வேண்டும், பக்கத்திலுள்ள ஐந்து காந்தாரத்தோடு கரைய வேண்டும். பாட்டு வாத்தியாரிடம் இதைச் சொன்னால் கோபித்துக்கொள்வார். சொல்லாமலே செய்யட்டும்.

நாள்கள் முக்கியம். யூகாஸ் எனும் பல்கலைக்கழகப் பொது விண்ணப்பத்துக்கு ஆக்ஸ்ஃபோர்டின் கடைசி நாள் அக்டோபர் 15. இசைப் பரிசிலுக்கு வேறு படிவம், அதன் கெடு செப்டம்பர் தொடக்கத்திலேயே வந்துவிடும். கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போய், பள்ளி திறந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடும் குடும்பங்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன். அந்த ஆண்டுக்கான நாளை ஜூலையிலேயே பல்கலைக்கழக இணையதளத்தில் பார்த்துக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவையுங்கள். பாடகர் குழுவை நடத்துபவருக்கு அவளைப் பிடித்துப்போனாலும், டிசம்பர் நேர்முகத்தில் வேதியியல் ஆசிரியர்கள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

இப்போது பணம். நீங்கள் முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது. 2025–26 கல்வியாண்டில் இங்கிலாந்து மாணவருக்கான கட்டணம் 9,535 பவுண்டு. இதை நீங்கள் கையிலிருந்து கட்ட வேண்டியதில்லை. அரசின் மாணவர் கடன் நேரே பல்கலைக்கழகத்துக்குப் போய்விடும். மகள் பட்டம் முடித்துச் சம்பாதிக்கும்போது, சம்பளம் ஓர் அளவைத் தாண்டினால் மட்டும் பிடிப்பார்கள். சாப்பாட்டுக்கும் அறைக்கும் இன்னொரு கடன் உண்டு. அதன் மேல் ஆக்ஸ்ஃபோர்ட், குடும்ப வருமானம் 50,000 பவுண்டுக்குள் இருக்கும் பிள்ளைகளுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டாத பர்சரி தருகிறது. வருமானம் குறையக் குறையத் தொகை கூடும். மிகக் குறைந்த வருமானக்காரருக்கு கிராங்க்ஸ்டார்ட் என்ற பெயரில் ஆண்டுக்குச் சில ஆயிரம் பவுண்டு. இசைப் பரிசிலின் சில நூறை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இதற்குத் தனி விண்ணப்பம்கூட இல்லை. மாணவர் கடனுக்கு விண்ணப்பிக்கும்போது பெற்றோர் வருமானத்தைக் காட்டி, அந்த விவரத்தைப் பல்கலைக்கழகத்தோடு பகிர ஒப்புதல் கொடுத்தால் போதும். நம்மவர் சறுக்குவது இங்கேதான். வருமானத்தைக் காட்டாமலே அடிப்படைக் கடன் மட்டும் வாங்க அந்தப் படிவத்தில் ஒரு வழி உண்டு. "ஏன் நம் சம்பளத்தை ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டும்" என்று அதைத் தேர்ந்தெடுத்து, ஆண்டுக்குப் பல ஆயிரம் பவுண்டை விட்டவர்கள் எனக்குத் தெரிந்தே சிலர். உங்கள் கணவர் சம்பளத்தையும் உங்கள் சம்பளத்தையும் கூட்டிப் பாருங்கள். ஏப்ரல் கணக்கு முடிந்து இருவருக்கும் வரும் பி60 எனும் ஆண்டுச் சம்பளச் சான்றுத் தாளைப் பத்திரப்படுத்துங்கள்.

கடைசியாக அப்பம்மா. அவருடைய கவலையைச் சிரித்துத் தள்ள மாட்டேன். நம் ஊரில் பள்ளிக்கூடத்தோடு மதமும் வந்த காலத்தைக் கேட்டு வளர்ந்தவர் அவர். ஆக்ஸ்ஃபோர்டிலும் மத உறுதிமொழி கேட்ட காலம் இருந்தது. 1871இல் சட்டம் போட்டு அதை நீக்கினார்கள். இதே யூனிவர்சிட்டி காலேஜ், நாத்திகத் துண்டறிக்கை விவகாரத்தில் 1811இல் ஷெல்லி என்ற மாணவனை வெளியேற்றியது. இன்று அந்தக் கவிஞனின் வெள்ளைப் பளிங்குச் சிலை கல்லூரிக்குள்ளேயே கிடக்கிறது, பார்வையாளர் அதைத் தேடி வருகிறார்கள். பாடகர் குழுவில் சேர ஞானஸ்நானம் கேட்பதில்லை. எந்த மதத்தவரும், மதமே இல்லாதவரும் பாடுகிறார்கள். ஆனால் உண்மையை மறைக்காமல் சொல்கிறேன்: அது கச்சேரி அல்ல, வழிபாடு. எழும்போது எழ வேண்டும், கிழக்கு நோக்கித் திரும்பும்போது திரும்ப வேண்டும், பாடும் வரிகள் யேசுவைப் பற்றியவை. அது தன் மனதுக்கு உறுத்துமா என்பதை மகள்தான் சொல்ல வேண்டும். நீங்களும் நானும் அப்பம்மாவும் அல்ல. உறுத்தினால் தயங்காமல் விட்டுவிடலாம். வாத்தியக்காரருக்குப் பரிசில் தரும் கல்லூரிகளும் சில உண்டு, பியானோவோடு அங்கே போகட்டும்.

அதை அவள் தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. தவணை நடக்கும் ஒரு ஞாயிறு மாலை அவளை ஆக்ஸ்ஃபோர்டுக்கு அழைத்துப் போங்கள். அப்பம்மா வருவதானால் அவரையும். பெரும்பாலான கல்லூரிகளில் மாலை வழிபாட்டுக்கு யாரும் போய் உட்காரலாம், டிக்கெட் இல்லை. எந்தக் கல்லூரியில் எத்தனை மணிக்கு என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள், விடுமுறையில் போனால் பூட்டிய கதவைத்தான் பார்ப்பீர்கள். உள்ளே இருக்கைகள் ஒன்றையொன்று பார்த்தபடி இருக்கும். மெழுகுவர்த்தி வைத்த வரிசையில் மட்டும் உட்கார்ந்துவிடாதீர்கள், அது பாடகர்களுடையது. முக்கால் மணி, ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். லண்டன் பஸ் பிடிக்க நேரம் தாராளமாக இருக்கும்.